ரேடியோ நெல்லும் வார்டு ஓட்டும்

ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் ஏ.டி.டி. 27. தஞ்சை மாவட்டத்து விவசாயிகள் வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. 1960-களின் நடுவில், ஜப்பானிய நோரின் 10 ரகத்தையும் நம்மூர் ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலந்து உருவாக்கிய இந்தக் குறுவை நெல்லை வயலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் திருச்சி வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. 1966-இல் அங்கே பண்ணை ஒலிபரப்புக்கென்றே ஒரு பிரிவு தொடங்கப்பட்டிருந்தது. நாற்று விடுவது முதல் மேலுரம் வைப்பது வரை வானொலியில் சொல்வார்கள். டீக்கடையிலும் பஞ்சாயத்து வானொலிப் பெட்டியின் முன்னாலும் உட்கார்ந்து கேட்டவர்கள், மறுநாள் விதை டிப்போவில் போய் ரகத்தின் எண்ணைச் சொல்லாமல், ரேடியோவில் சொன்ன நெல்லைக் கொடு என்று கேட்டார்கள். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

முகம் தெரியாத ஒரு குரலை நம்பி, ஒரு வருஷச் சாப்பாட்டைப் பணயம் வைத்தார்கள் என்பதுதான் இதற்கு அர்த்தம். பரம்பரை பரம்பரையாக அண்டை வயல்காரன் போட்டதைப் பார்த்து விதைக்கிற மண்ணில், இது சாதாரண நம்பிக்கை இல்லை.

அந்த நெல்லுக்கு ஒரு குறையும் இருந்தது. அறுவடைக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டால் கதிரிலேயே முளைவிட்டுவிடும். டெல்டாவில் குறுவை அறுவடையும் மழையும் ஒன்றாக வருவது வழக்கம். நனைந்த நெல்லை எங்கே கொட்டுவது, எப்படிக் காய வைப்பது என்ற தவிப்பிலிருந்துதான் 1967-இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் உருவானது. இன்று தஞ்சாவூரில் இருக்கும் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு வேர் அதுதான். விதையைப் பரப்பக் குரல் போதுமானதாக இருந்தது. நெல்லைக் காய வைக்கக் களமும் கிட்டங்கியும் ஆளும் வேண்டியிருந்தன.

செய்தி சொல்கிறவர்கள் அரசியலுக்கு வந்த கதையை, அதிலும் நகராட்சி, மாநகராட்சி என்ற தெருமுனை அரசியலுக்கு வந்த அல்லது வராமலே போன கதையை, டெல்டாவில் நின்று பார்க்கும்போது அந்த நெல்தான் நினைவுக்கு வருகிறது.

தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம், மாயவரம், மன்னார்குடி ஆகிய ஐந்து ஊர்களும் 1866-இல் நகராட்சிகளாயின. சென்னை மாகாணத்தில் ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை நகராட்சிகள் இருந்தது அந்த மண்ணின் செல்வத்துக்கு அடையாளம். நகராட்சிகளுக்கு வெளியே ஜில்லா போர்டு இருந்தது. தஞ்சை ஜில்லா போர்டு வரி போட்டுச் சேர்த்த பணத்தில் சொந்தமாக ரயில் பாதையே போட்டது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை போகும் அந்தப் பாதையில் 1894-இல் வண்டி ஓடத் தொடங்கியது. ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி, சொத்து போர்டுடையது. உள்ளாட்சி என்ற சொல்லுக்கு இன்று இருக்கும் மெலிந்த பொருள் அன்று கிடையாது.

இந்த அவைகளில் உட்கார்ந்தவர்கள் யார்? வக்கீல்கள், மிராசுதார்கள், வியாபாரிகள். நல்லவர்கள் இருந்தார்கள். சர் ஏ.டி. பன்னீர்செல்வம் தஞ்சை நகராட்சித் தலைவராக இருந்தவர். 1924 முதல் 1930 வரை ஜில்லா போர்டுத் தலைவர். அவர் காலத்தில்தான், வடமொழிக்கென்று இருந்த திருவையாறு அரசர் கல்லூரியில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. மன்னர் காலத்துச் சத்திரங்களின் வருமானம் எல்லாச் சாதிப் பிள்ளைகளின் படிப்புக்கும் பயன்பட வேண்டும் என்று அவர் முனைந்தார். பாரிஸ்டர் படித்தவர், நிலம் உள்ளவர். அன்று ஒரு போர்டு நாற்காலிக்குத் தேவைப்பட்ட தகுதிகள் அவை.

நகராட்சிக்கும் செய்தி வாசிப்பவர் ஒருவர் இருந்தார். அவர் கையில் காகிதம் இருக்காது, தோளில் தண்டோரா தொங்கும். வரி கட்டக் கடைசி நாள், குழாயில் தண்ணீர் வராத நாள், காலரா ஊசி, ஏலம் எல்லாவற்றையும் தெருத் தெருவாகத் தட்டிச் சொன்னவர், பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவர். ஊருக்கே செய்தி சொன்ன அந்த மனிதருக்கு, அந்தச் செய்தியைத் தீர்மானித்த அவையில் இடமில்லை. சில தெருக்களில் அவர் நடக்கவே அனுமதி இல்லாத காலமும் இருந்தது. தண்டோரா போடும் வழக்கத்தை விட்டொழிக்கும்படி தமிழகத் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில்தான். செய்தி சொல்லுதல் இந்த மண்ணில் கௌரவமான வேலையாக மாறியது அச்சு வந்த பிறகு. அதற்கு முன்பு அது ஏவல் வேலை.

அச்சு வந்ததும் டெல்டா பத்திரிகைக்காரர்களை வாரி வாரிக் கொடுத்தது. ‘தி இந்து’வை 1878-இல் தொடங்கிய அறுவரில் முதன்மையானவரும், 1882-இல் ‘சுதேசமித்திரன்’ கண்டவருமான ஜி. சுப்பிரமணிய ஐயர் திருவையாற்றில் பிறந்தவர், தஞ்சாவூரில் படித்தவர். 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தது அவர்தான். 1905-இல் ‘இந்து’வை விலைக்கு வாங்கிய கஸ்தூரிரங்க ஐயங்கார் கும்பகோணம் பக்கத்து இன்னம்பூர்க்காரர். ‘சுதேசமித்திரன்’, ‘இந்து’ இரண்டுக்கும் ஆசிரியராக இருந்த ஏ. ரங்கசாமி ஐயங்காரும் தஞ்சை மாவட்டத்தவர். டெல்லி மத்திய சட்டசபைக்கும் போனவர்.

மூவரும் ரயிலேறிச் சென்னைக்குப் போனவர்கள். டெல்டாவின் பத்திரிகைக்காரன் தேசத்தைப் பற்றி எழுதினான், தேச அரசியலுக்குப் போனான். காவிரிக்கரைத் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டதை எழுத அவனுக்கு நேரமில்லை. அந்த வேலை மிராசுதாரின் நாற்காலிக்கு விடப்பட்டது. இப்படிச் சொல்வது அவர்களைக் குறைப்பதற்காக அல்ல. ஆங்கிலேயரை எதிர்த்து எழுதி 1908-இல் சிறைக்குப் போனவர் சுப்பிரமணிய ஐயர். ஆனால் செய்தித் தொழிலுக்கும் ஊர் நிர்வாகத்துக்கும் நடுவே ஓடும் ஆறு இங்கே அப்போதே அகலமாகிவிட்டது.

சென்னையில் ஒரு விசித்திரமான விதிவிலக்கு நடந்தது. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப், பணமில்லாமல் 1927-இல் மூடப்பட்டபோது, அதன் கருவிகள் சென்னை மாநகராட்சியின் கைக்குப் போயின. 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சியே வானொலி நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து ஊர் மக்களுக்குப் பாட்டும் பேச்சும் கொடுத்தது. 1938-இல் அகில இந்திய வானொலி வந்து அதை எடுத்துக்கொள்ளும்வரை குழாய்த் தண்ணீர், தெருவிளக்கு வரிசையில் வானொலியும் மாநகராட்சியின் சேவையாக இருந்தது. அடுத்த ஆண்டு, 1939 மே 16-இல், திருச்சி நிலையம் பிறந்தது. பிற்பாடு தமிழ்நாட்டு நகராட்சிப் பூங்காக்களில் எழுந்த வானொலி அறைகள் அந்தச் சென்னைப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். சாயங்காலம் பூங்காவுக்குப் போனால் நகராட்சி வானொலி செய்தி சொல்லும். ‘ஆகாஷ்வாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி’ என்ற குரலை டெல்டாவின் இரண்டு தலைமுறை மனப்பாடமாக வைத்திருந்தது. மும்பையில் பிறந்து வளர்ந்து, டெல்லியிலிருந்து செய்தி வாசித்த அவருடைய பூர்வீகம் தஞ்சை மாவட்டம்.

செய்திக்கும் தெருவுக்கும் நடுவில் இருந்த அந்த ஆற்றை நீந்திக் கடந்தவர் ஒருவர். திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி, 1942 ஆகஸ்டில் திருவாரூரிலிருந்து ‘முரசொலி’யைத் துண்டு ஏடாக வெளியிட்டபோது அவருக்கு வயது 18. 1948 பொங்கலுக்கு அது வார இதழானது. எழுதி, அச்சடித்து, தோளில் சுமந்து விற்ற பத்திரிகை அது. எழுதிய கையோடு கிளைக் கழகம் கட்டுவது, கூட்டம் போடுவது, ஊரூராகப் போவது என்று எல்லாம் ஒரே வேலையாக நடந்தது. 1959 சென்னை மாநகராட்சித் தேர்தலில் தி.மு.க. 100 இடங்களில் 45-ஐப் பிடித்து அ.பொ. அரசுவை மேயராக்கியபோது, அந்த வெற்றிக்கு வார்டு வார்டாக உழைத்ததற்காக அண்ணா அவருக்கு மோதிரம் அணிவித்தார். 1962-இல் தஞ்சாவூர்த் தொகுதியில் காங்கிரஸின் பலமான வேட்பாளர் பரிசுத்த நாடாரைத் தோற்கடித்துச் சட்டமன்றத்துக்குப் போனார். ஒரு பத்திரிகைக்காரர் மாநகராட்சித் தேர்தலின் கணக்கைப் படித்து, அதே பாடத்தோடு தஞ்சைக்கு வந்து ஜெயித்தார் என்று இதைப் படிக்கலாம். அவரை ஜெயிக்க வைத்தது பத்திரிகை மட்டும் அல்ல. பத்திரிகையைச் சுமந்துகொண்டு தெருவில் நடந்ததும் சேர்ந்துதான்.

தொலைக்காட்சி தெருவில் நடக்காமல் வந்தது. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியபோது டெல்டாவுக்கு அது எட்டவில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி வந்ததும், நாகை, வேதாரண்யம் கரையோர ஊர்களில் தென்னை உயரத்துக்குக் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டிக் கடல் தாண்டிய படத்தைப் பார்த்தார்கள். கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான் சென்னைச் செய்தி வீட்டுக்குள் வந்தது. 1993 ஏப்ரல் 14-இல் சன் டி.வி. தொடங்கியது, கேபிள் வயர் தெருக்களில் பின்னியது, செய்தி வாசிப்பவரின் முகம் குடும்பத்து முகமானது. அவர் கட்டிய சேலையையும் வணக்கம் சொன்ன விதத்தையும் பற்றிப் பேச்சு நடந்தது.

கட்சிகள் இதைக் கவனிக்காமல் இருக்குமா? ‘நேருக்கு நேர்’ நிகழ்ச்சியில் தலைவர்களைக் கேள்வி கேட்ட ரபி பெர்னார்ட் பின்னர் ஜெயா டி.வி.க்குப் போய், 2011-இல் அ.தி.மு.க. சார்பில் மாநிலங்களவைக்குச் சென்றார். தூர்தர்ஷனில் செய்தி வாசித்த பாத்திமா பாபு அதே கட்சியின் பேச்சாளரானார். நீட்டி முழக்கிய ‘வணக்கம்’ ஒன்றாலேயே தமிழ்நாடு முழுக்க அடையாளம் பெற்ற சன் டி.வி. செய்தி வாசிப்பாளர் நிர்மலா பெரியசாமி 2013-இல் அ.தி.மு.க.வில் சேர்ந்தார். இவர்களைக் கட்சி உட்கார வைத்த இடத்தைப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு டெல்லி, மற்றவர்களுக்குப் பிரசார வேன். ‘நட்சத்திரப் பேச்சாளர்’ என்பது தமிழகக் கட்சிகள் தெரிந்த முகத்துக்கு வைத்திருக்கும் அறை. மக்கள் அந்த முகத்தை நம்புகிறார்கள், அந்த நம்பிக்கை வேறொருவர் பெட்டியில் ஓட்டாக விழ வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. பல வருஷம் நாட்டு நடப்பைத் தினம் தினம் வாய்விட்டுச் சொன்ன ஒருவருக்குத் தன் ஊர் நிர்வாகத்தைப் பற்றிச் சொந்தமாக ஒரு கருத்து இருக்கும் என்று எந்தக் கட்சியும் கேட்டதாகத் தெரியவில்லை. இதுதான் இந்தக் கதையின் வருத்தமான பகுதி.

தொலைக்காட்சி முகம் மேயரான கதை சென்னையில் உண்டு. தூர்தர்ஷனின் ‘குறிஞ்சி மலர்’ தொடரில் நடித்த மு.க. ஸ்டாலின், 1996-இல் சென்னை மேயராக மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அவரைக் கட்சி வளர்த்தது. தொடர் வழியில் வந்துபோனது.

பக்கத்துக் கேரளத்தில் செய்தி அறையிலிருந்து நேரே தேர்தலுக்கு வந்தவர்கள் 2016-இல் இருவர். வீணா ஜார்ஜ் ஆரன்முளாவில் ஜெயித்தார், 2021-இல் சுகாதார அமைச்சரானார். நிகேஷ் குமார் அழிக்கோட்டில் 2,287 ஓட்டில் தோற்றார். அவருடைய பிரசாரத்தில் ஒரு காட்சி பலருக்கும் நினைவிருக்கும்: குடிநீர்ப் பிரச்சினையைக் காட்ட, கேமராவோடு கிணற்றுக்குள் இறங்கினார். பல வருஷம் ஸ்டூடியோவில் உட்கார்ந்தவர், ஊர்த் தண்ணீரைத் தானே தொட்டுக் காட்ட வேண்டும் என்று உணர்ந்திருக்கிறார். டெல்டாவில் வார்டு கேட்கப் போகும் எந்தச் செய்தி வாசிப்பாளரும் அந்தக் கிணற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

மாநகர அரசியலும் செய்தி மேசையும் சகஜமாகக் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்ட ஊர் என்றால் அமெரிக்காவின் சின்சினாட்டி. ஜெர்ரி ஸ்ப்ரிங்கர் அங்கே நகர்மன்ற உறுப்பினர், 1977-இல் மேயர். பிறகு அதே ஊர் டபிள்யூ.எல்.டபிள்யூ.டி. நிலையத்தில் செய்தி வாசிப்பாளர். சார்லி லூக்கன் 1980-களில் மேயர், பிறகு நாடாளுமன்ற உறுப்பினர், 1993-இலிருந்து அதே நிலையத்தில் செய்தி வாசிப்பாளர், 1999-இல் மறுபடி மேயர். 2001 ஏப்ரலில், காவலர் சுட்டு ஒரு கறுப்பின இளைஞர் இறந்து ஊர் கொந்தளித்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் லூக்கன்தான். முந்தைய வாழ்க்கையாக இருந்தால் அந்தக் கலவரத்தை அவர் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். தோக்கியோவின் யுரிகோ கொய்கே தொலைக்காட்சியில் பொருளாதாரச் செய்தி வழங்கியவர்; 2016-இல் மாநகர ஆளுநரானதும் அவர் கையில் எடுத்த முதல் பெரிய விவகாரம் மீன் சந்தை. சுகிஜி சந்தையை வேறிடத்துக்கு மாற்றுவதை நிறுத்திவைத்து, புது இடத்து மண்ணில் விஷம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். 2018 அக்டோபரில்தான் சந்தை மாறியது. மாநகரம் என்றால் கடைசியில் சந்தை, சாக்கடை, மண், தண்ணீர்தான். கேமராவுக்கு எதிரே உட்கார்ந்து பழகியவருக்கும் அதிலிருந்து தப்பில்லை.

கடல் தாண்டிய தமிழரிடையே ஓர் உதாரணம் இலங்கையில் இருக்கிறது. சக்தி டி.வி.யில் ‘மின்னல்’ அரசியல் நிகழ்ச்சியை நடத்திய ஜெ. ஸ்ரீரங்கா, 2010-இல் நுவரெலியா மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். தேயிலைத் தோட்டத்து வீடுகளில் அந்த நிகழ்ச்சிக்கு இருந்த செல்வாக்கு அப்படி.

டெல்டாவுக்குத் திரும்பலாம். தொலைக்காட்சி இங்கே கவுன்சிலரின் இடத்தில் போய் உட்கார்ந்த ஒரு காலம் இருந்தது. தேர்தலில் நின்று அல்ல, தேர்தலே நடக்காமல்.

2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பை சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தனி அலுவலர்கள்தான். கிராமங்களுக்கு 2019 டிசம்பரிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19-இலும்தான் தேர்தல் நடந்தது. 2014-இல் மாநகராட்சியாக உயர்ந்த தஞ்சாவூர், அந்தப் பெருமை கிடைத்த சிறிது காலத்திலேயே ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் கிடந்தது.

அந்த இடைவெளியின் நடுவில், 2018 நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தார்ப்பாய் யாரிடம் கேட்பது, குடிதண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு, முகாமில் பால் இருக்கிறதா என்று கேட்க, சாதாரண நாளில் வீடு தெரிந்த ஓர் ஆள் இருப்பார். வார்டு மெம்பர், பஞ்சாயத்துத் தலைவர். நல்லவரோ கெட்டவரோ, அவர் வாசலில் போய்ச் சத்தம் போடலாம். அன்று அந்த வாசல் இல்லை. ஆகவே ஜனங்கள் மைக்கிடம் பேசினார்கள். சேனல் வண்டி நின்ற இடத்தில் பெண்கள் கூடினார்கள், இந்தத் தெருவுக்கு யாருமே வரவில்லை என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார்கள். அதைச் சென்னை ஸ்டூடியோவில் கேட்ட செய்தி வாசிப்பாளர், அதிகாரியைப் போனில் பிடித்துக் கேள்வி கேட்டார். பல இடங்களில் நிவாரணம் அந்த வழியாகத்தான் நகர்ந்தது. செய்தியாளர்கள் மனமாரச் செய்த வேலை அது. அவர்களுக்கு டெல்டா கடன்பட்டிருக்கிறது. ஆனால் வண்டி அடுத்த ஊருக்குப் போனதும், அந்தப் பெண்கள் மறுபடி கேட்க ஆளில்லாமல் நின்றார்கள்.

நகரத் தேர்தல் 2022-இல் வந்தபோது ஒரு புதிய கதவு திறந்தது. பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டத் திருத்தம் நகரங்களில் முதல் முறையாக நடைமுறைக்கு வந்தது. வீட்டு முற்றத்தில் நம்பிக்கை சம்பாதித்த பெண் குரல்கள் மன்றத்துக்குள் நுழைய இதைவிட நல்ல நேரம் வந்ததில்லை. ஆனால் டெல்டாவின் மன்றங்களை நிரப்பியவர்கள் கட்சிக் கிளைகளில் வேலை பார்த்தவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான். இதில் ஆச்சரியமில்லை. ஒரு வார்டில் இருப்பது சில ஆயிரம் பேர். அங்கே செய்தி வாசிப்பாளரின் முகம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருக்கு யாரையும் தெரியாது. எந்த வீட்டில் பிரசவம், எந்தப் பைப்பில் கலங்கல், சொத்து வரிப் பெயர் மாற்றம் யாருக்கு எத்தனை மாதமாக நிற்கிறது என்பதை அறிய, திரை இருக்கும் பக்கத்திலிருந்து எழுந்து மறுபக்கம் வர வேண்டும்.

மறுபக்கத்திலேயே இருந்த ஒருவர் அந்தத் தேர்தலில் மேலே வந்தார். 2021-இல்தான் மாநகராட்சியான கும்பகோணத்தில் 48 வார்டுகள். 17-ஆவது வார்டில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்த கே. சரவணன் ஓர் ஆட்டோ டிரைவர். மன்றத்தில் தி.மு.க.வுக்கே பெரும்பலம், கூட்டணிப் பங்கீட்டில் மேயர் நாற்காலி காங்கிரஸுக்கு ஒதுக்கப்பட்டது. 2022 மார்ச் 4-இல் கும்பகோணத்தின் முதல் மேயராக அவர் பொறுப்பேற்றார். நாடெங்கும் செய்தி அறைகள் அவரைத் தேடி வந்தன. ஆட்டோவோடு படம் பிடித்தன. 1866-இலிருந்து வக்கீலும் மிராசுதாரும் உட்கார்ந்த வரிசையில், வாடகை வண்டியில் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஊரைச் சுமந்துபோன ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. 2016 பிப்ரவரியில் நடந்த சென்ற மகாமகத்தின்போது, அந்த ஆண்டு அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்த பிறகு வருஷக்கணக்கில் தேர்தலே நடக்காது என்று யாருக்கும் தெரியாது. 1992-இல் குளத்து நெரிசலில் உயிர்கள் போனதை ஊர் இன்னும் மறக்கவில்லை. அடுத்த முறையும் குளத்தின் நான்கு கரையிலும் கேமராக்கள் நிற்கும், தமிழ்நாட்டின் எல்லாச் செய்தி வாசிப்பாளர்களும் அந்தக் காலையைப் பற்றிப் பேசுவார்கள். படித்துறைக்குப் போகும் சந்துகளில் தடுப்புக் கட்டை எங்கே வைப்பது, தற்காலிகக் கழிப்பறைக்குத் தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து எடுப்பது, வீதியில் ஓடும் சாக்கடையை எந்த நாளுக்குள் மூடுவது என்ற பட்டியலை, அதற்கு முன் தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 48 பேர் கையில் வைத்திருக்க வேண்டும்.